வடிகாலில் ஓர் அறுபதடி ரோடு

மக்களிடம் கருத்துக் கேட்கும் வேலைக்குப் போகிறவன் கழுத்தில் அடையாள அட்டையைக் கயிறு கட்டி மாட்டக் கூடாது. பிடித்து இழுக்க அவர்களுக்கு வசதியாகப் போய்விடும்.

கீழத்தெரு அமுதா அக்கா என் கயிற்றைப் பிடித்து இழுத்ததில், பேரூராட்சி சமுதாயக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் என் மூக்கு போய் இடித்தது. எங்கள் பேரூரும் சுற்றியிருக்கும் கிராமங்களும் இனி எப்படி வளர வேண்டும் என்று வரைந்த படம் அது. எங்கே வீடு, எங்கே கடை, எங்கே வயல், எங்கே ரோடு என்று கலர் கலராக இருக்கும். அதை மக்களுக்குக் காட்டி விளக்கி, ஆட்சேபணை இருந்தால் எழுதி வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. "இது என்னடா?" என்றார் அக்கா. அவர் விரல் வைத்த இடத்தில் கறுப்பாக இரண்டு கோடு. "ரோடுக்கா. அறுபதடி. மெயின் ரோட்டுலேர்ந்து நேரா உங்க தெருவுக்கே வருது," என்றேன். நல்ல சேதி சொல்கிற குரலில்தான் சொன்னேன். கயிறு இன்னும் இறுகியது. "அது எங்க வடிகால்டா!"

விஷயம் இதுதான். படம் எடுக்க ட்ரோன் வந்தது சித்திரை மாதம். எங்கள் பக்கத்தில் சித்திரையில் வடிகாலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. குறுக்கு வழி என்று பால் வண்டி, டிராக்டர், ஸ்கூல் சைக்கிள் எல்லாம் அதற்குள்ளேதான் இறங்கிப் போகும். மேலேயிருந்து பார்த்த கேமராவுக்கு டயர்த் தடம் தெரிந்தது, பாதை என்று பதிந்துகொண்டது. ஆபீஸில் உட்கார்ந்து படம் வரைந்தவர்கள் அதை அறுபதடியாக அகலப்படுத்திவிட்டார்கள். அதில் மண்ணைக் கொட்டித் தார் போட்டால், மழைக்காலத்தில் கீழத்தெருத் தண்ணீர் போக வேறு வழி கிடையாது, அடுப்படியில்தான் நிற்கும். அக்கா ஒரு வழியாகக் கயிற்றை விட்டார். "கார்த்திகை மாசம் வந்து இந்த ரோட்டுல நடந்து காட்டு தம்பி. உனக்குச் சூடம் ஏத்திக் கும்பிடறேன்."

ரேஷன் கடையில் பில் போடுகிறவர்களே, இ-சேவை மையத்தில் 'சர்வர் இல்லை' என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டவர்களே, உங்களுக்குப் புரியும். தப்பு எங்கேயோ நடக்கும், கயிறு நம் கழுத்தில் இருக்கும். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அட்டவணை

பன்னிரண்டாவது முடித்தேன். கல்லூரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லை, போகவில்லை. அதற்கு ஒரு சோகக் கதை எதிர்பார்ப்பவர்கள் வேறு வீட்டில் விசாரிக்கலாம். தற்காலிக வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். திட்டப் பிரிவிலிருந்து வந்திருந்த குமரேசன் சார் என்னிடம் மதிப்பெண் கேட்கவில்லை. "கத்திப் பேசத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் சார்!" என்றேன். பக்கத்து அறையில் வீட்டு வரி கட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். வேலை கிடைத்துவிட்டது.

குமரேசன் சார் தினமும் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். தேய்த்த சட்டை, பையில் குடை, டிபன் பாக்ஸில் எப்போதும் புளியோதரை. கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு கால அட்டவணை இருந்தது. எந்த ஊரில் எந்தத் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம், எப்போது வரை ஆட்சேபணை வாங்குவது, எப்போது மன்றத்தில் வைப்பது என்று அவரே வண்ணம் தீட்டி, லேமினேட் செய்து, பிள்ளையார் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். எல்லா ஊருக்கும் காலை பதினோரு மணி. நான் பார்த்ததும் சொல்லிவிட்டேன்: "சார், இது சம்பா நடவு நேரம். பதினோரு மணிக்கு ஊர்ல நாயும் கோழியும்தான் இருக்கும். சாயங்காலமா மாத்துங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லேமினேட் செய்ததை எப்படி மாற்றுவது என்று யோசித்தாரோ என்னவோ. "தம்பி, நடவு வருஷா வருஷம் வரும். இந்தத் திட்டம் எங்க சர்வீஸுக்கே ஒரு தடவைதான் வரும்."

பேரீச்சம்பழம்

ஊர் ஊராக அறிவிப்புச் செய்ய ஒரு ஆட்டோ பிடித்தார்கள். ஓட்டுகிறவர் பஷீர் பாய். நாகூர்க்காரர், கல்யாணமாகி எங்கள் ஊரோடு வந்துவிட்டவர். நல்ல மனிதர், நல்ல ஆட்டோ. ஒரே ஒரு சிக்கல். அதே ஆட்டோவில், அதே ஸ்பீக்கரில், அதே பாட்டைப் போட்டுத்தான் அவர் ரொம்ப நாளாகப் பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழமும் வெங்காயமும் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு பாட்டுப் போடுங்கள் என்றேன். இதுதான் ராசி என்றார்.

நான் மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த பொதுமக்களே! வரைவு முழுமைத் திட்டத்தின் மீது தங்களது மேலான கருத்துகளும் ஆட்சேபணைகளும் வரவேற்கப்படுகின்றன," என்று தொண்டை கிழியக் கத்தினேன். எழுதிக் கொடுத்தது குமரேசன் சார். ஜனம் வந்தது. பெருங்கூட்டம். ஒருவர் ஓடாத ஃபேன், ஒருவர் ஓட்டை அண்டா, ஒரு சின்னப் பெண் அண்ணனுடைய சைக்கிளையே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே அண்ணன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். விஷயத்தை விளக்கினேன். நடுத்தெருவில் ஈய அண்டாவோடு நின்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெங்காயமும் கிடையாது, பேரீச்சம்பழமும் கிடையாது, சும்மா கருத்து மட்டும் வேணுமாக்கும்? போயிட்டு வாடா ராசா."

போட்டோ

முதல் ஊர்க் கூட்டம். பதினோரு மணி. பந்தல், மைக், பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் பாட்டில், எல்லாம் தயார். வார்டு உறுப்பினர் வந்தார், ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, வயலில் ஆள் நிற்கிறது என்று போய்விட்டார். குமரேசன் சார் சரியான நேரத்துக்கு எழுந்து, "அனைவருக்கும் வணக்கம்," என்று ஆரம்பித்தார். அனைவரும் என்பது நானும் பஷீர் பாயும்தான். பாய் மரியாதைக்குக் கும்பிட்டார்.

கூட்டம் நடந்ததற்குப் போட்டோ வேண்டும். போட்டோவுக்கு ஆள் வேண்டும். நடவுக்குக் குனிய முடியாத வயசான அம்மாக்கள் கொஞ்சம் பேர் பக்கத்துக் குளக்கரையில் நூறு நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்க் கூப்பிட்டேன். மண்வெட்டியோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். சார் முக்கால் மணி நேரம் நிலப் பயன்பாடு பற்றிப் பேசினார். இரண்டு பேர் நன்றாகத் தூங்கினார்கள். நானும் கொஞ்சம் அசந்தேன். கடைசியில், "கேள்வி எதுவும் இருந்தா தாராளமா கேளுங்கம்மா," என்றார் சார். முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இங்க உக்காந்திருந்ததுக்கும் அட்டெண்டன்ஸ் போடுவீங்களா சார்?"

மஞ்சளும் பச்சையும்

படத்தில் ஒவ்வொரு கலரும் ஒரு மண்டலம். மஞ்சள் என்றால் வீடு கட்டலாம். பச்சை என்றால் வயல், கை வைக்கக் கூடாது. இந்த இரண்டு கலரை வைத்து ஒரு குடும்பத்தைப் பிரிக்கலாம் என்பதை நான் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொண்டேன்.

ஒரு பெரியவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செல்போனை முகத்துக்கு நேரே தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். போனுக்குள் சிங்கப்பூரிலிருந்து அவர் மகன். "தம்பி, கேமராவை மேப் கிட்ட காட்டச் சொல்லுங்க. நம்ம நிலம் என்ன கலர்?" என்றார் மகன். பச்சை என்றேன். "அதை மஞ்சளா மாத்தணும்னு மனு எழுதிக்குங்க. மெயின் ரோட்டு ஓரம், பிளாட் போட்டா நல்ல ரேட் போகும்," என்றார். பெரியவர் போனை வயிற்றில் அமுக்கிக்கொண்டு, "எழுதாதே," என்றார். வயிற்றுக்குள்ளிருந்து, "அப்பா? அப்பா? கேக்குதா?" என்று குரல் வந்தது. அந்த மத்தியானம் முழுக்க எனக்கு இதே வேலை. மகன் ஒரு வரி சொல்வார், நான் எழுதுவேன், அப்பா அடிக்கச் சொல்வார். பொறுமை போய், "ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டு நாளைக்கு வாங்க," என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டேன். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "அவன் மஞ்சள் கேக்குறான், நான் பச்சை கேக்குறேன். நீ பாட்டுக்கு ரெண்டையும் கலந்து எதையாவது அடிச்சுவச்சிடாதே."

முறைத் தண்ணீர்

கீழத்தெருக் கூட்டத்துக்கு வருகிறேன். அங்கே இருப்பவர்கள் ஒரு காலத்தில் மற்றவர்கள் வயலில் கூலிக்குப் போன குடும்பங்கள். இப்போது சிலருக்குச் சொந்த நிலம், சிலருக்குக் குத்தகை, நர்ஸ் இருக்கிறார், வாத்தியார் இருக்கிறார். அமுதா அக்கா பி.காம். படித்துவிட்டு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குப் பிடித்துச் சம்பா நடுகிறார். கணக்கில் யாராவது அவரை ஏமாற்றிப் பார்க்கட்டும். மொத்தத் தெருவும் வடிகால் விஷயத்தைக் கூட்டத்தில் கேட்டே தீருவது என்று இருந்தது.

அட்டவணையில் அவர்களுக்குப் போட்டிருந்த நாள் எது தெரியுமா? அவர்கள் வாய்க்காலுக்கு முறை வரும் நாள். ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும்போது ஒவ்வொரு வாய்க்காலுக்கும் இன்ன நாள் என்று முறை வைத்துத்தான் விடுவார்கள். அன்றைக்கு மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சாவிட்டால் அடுத்த முறை வரும்வரை நட்ட பயிர் காய வேண்டியதுதான். மேல்வயல்காரன் மடையை அடைத்துவிடாமல் காவலும் நிற்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் வரவில்லை. குமரேசன் சார் பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்து, "கீழத்தெரு: யாரும் வரவில்லை," என்று எழுதச் சொன்னார். "சார், முறைத் தண்ணி சார். செத்தாக்கூட இன்னிக்குத் தூக்க ஆள் வராது," என்றேன். "நம்ம பட்டியல்ல அப்படி ஒரு கட்டமே இல்லைப்பா. வந்தாங்க, வரலை, ரெண்டுதான் இருக்கு."

புது மண்டலம்

மறுநாள் நானே சின்ன வரைபடம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு கீழத்தெரு வயலுக்குப் போனேன். சார் போகச் சொல்லவில்லை. போகக் கூடாது என்றும் சொல்லவில்லை. அமுதா அக்கா வயலில் நடவு. வரப்பில் விரித்ததும், முழங்கால் வரை சேற்றோடு பெண்கள் கரையேறி வந்து சுற்றி நின்றார்கள். அங்கே நடந்ததுதான் நான் பார்த்ததிலேயே உருப்படியான கருத்துக் கேட்புக் கூட்டம். மழை பெய்தால் தண்ணீர் எந்த மூலையில் முதலில் ஏறும், எந்த வீட்டுக் கொல்லை வழியாக வரும், எங்கே இரண்டு குழாய் புதைத்து ரோட்டைத் தள்ளிப் போடலாம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் விரல் வைத்துக் காட்டினார்கள். ரோடு வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. "ரோடு எங்களுக்கும் வேணும்டா. ஆம்புலன்ஸ் வர மாட்டேங்குது. வடிகாலுக்குப் பக்கத்துல போடு, வடிகால் மேல போடாதே," என்றார் அக்கா.

படத்தைக் கொண்டுவந்து சார் மேஜையில் விரித்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். நாளைக்கு நேரில் போய்ப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார். எனக்கே ஆச்சரியம். பிறகு படத்தில் அங்கங்கே காய்ந்திருந்த சேற்றுக் கைரேகைகளின் மேல் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இந்தக் காப்பிக் கலர் நம்ம பட்டியல்லயே இல்லையே, இது எந்த மண்டலம்?"

தோணி

சொன்னபடி சார் வந்தார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்ததை நானே பார்த்தேன். நியாயமாக இதைச் சொல்ல வேண்டும். கீழத்தெருவே கரையில் திரண்டுவிட்டது. முந்தின ராத்திரி மழை வேறு. வடிகாலில் இடுப்பளவு தண்ணீர், அதன் மேல் ஆகாயத்தாமரை ஊதாப் பூவோடு. சார் செல்போனில் படத்தைப் பார்த்தார், வடிகாலைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். "ஒருவேளை பக்கத்துல வேற ரோடு இருக்கோ?" என்றார். இல்லை என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. "வண்டி போற வழின்னு பதிவாகியிருக்கே. பாய், கொஞ்சம் ஓரமா இறக்கிப் பாருங்களேன், அடியில கெட்டியா இருக்கான்னு." பஷீர் பாய் ஆட்டோ சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சார், என்கிட்ட இருக்கறது ஆட்டோ லைசென்ஸு. தோணி ஓட்டுறதுக்கு நாகூர்ல என் மச்சான் இருக்கான், வேணும்னா வரச் சொல்றேன்."

பார்த்தாச்சு

தோணி வரவில்லை. ஊர் சிரித்தது, சாரும் சிரித்துவிட்டார். "இது வடிகால்தான்" என்று அவர் வாயாலேயே சொன்னார். அதோடு கீழத்தெரு நிம்மதியாக நடவுக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் செய்யும் தப்பு இது. ஆபீஸர் கண்ணால் பார்த்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். வாய்க்கால் தகராறு என்றால் ஆபீஸர் வருவார், கரையில் நின்று பார்ப்பார், மடையைத் திற என்பார், திறந்துவிடுவார்கள். அங்கே அப்படித்தான் நடந்து பழக்கம்.

ஆட்சேபணை வாங்கும் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் பட்டியலைச் சரிபார்த்தபோது, கீழத்தெருவுக்கு நேரே "யாரும் வரவில்லை" என்பது அப்படியே இருந்தது. "சார், நேர்ல பாத்தோமே?" என்றேன். ஆட்சேபணை எழுத்தில் வர வேண்டும், தெருக்காரர்கள் கையெழுத்தோடு வர வேண்டும், இல்லாவிட்டால் ரோடு அப்படியே மன்றத்துக்குப் போய்விடும் என்றார். அமுதா அக்காவுக்கு உடனே போன் போட்டேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. நாளைக்கு மனுவோடு வருவதாகச் சொல்லிப் போனை வைத்தார். நான் சாரைப் பார்த்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்தார். "நான் பாத்தது எனக்குத் தெரியும்ப்பா. ஃபைலுக்குத் தெரியாதே."

வெள்ளிக்கிழமை

கடைசி நாள் காலையிலிருந்தே மழை. சும்மா மழை இல்லை, ஐப்பசியில் எங்கள் பக்கத்தில் வானம் பிய்த்துக்கொள்ளுமே, அது. மத்தியானம் வரை ஆள் வந்தார்கள், மனு கொடுத்தார்கள், என்னைத் திட்டினார்கள், போனார்கள். கீழத்தெருவிலிருந்து யாரும் இல்லை. குமரேசன் சார் நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வழியில் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது என்று பேச்சு. கிளம்பும்போது குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "அஞ்சு மணிக்குப் படத்தையெல்லாம் சுருட்டிடு. கீழத்தெருவுக்கு நேரா 'ஆட்சேபணை இல்லை'ன்னு அடிச்சு, பிரிண்ட் எடுத்து என் மேஜைல வச்சிடு. கூடத்தைப் பூட்டிட்டு நீயும் வீட்டுக்குக் கிளம்பு, நனையாதே."

அமுதா அக்காவுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல், தண்ணீர்ச் சத்தம். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டுவிட்டதாம். நட்ட பயிர் முழுகிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் முதல் இரண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, மொத்தத் தெருவும் உள்ளே இறங்கித் தாமரையைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. மனு எழுதி நெகிழிப் பையில் சுற்றி இடுப்பில் சொருகியிருக்கிறாராம். கையெழுத்துப் போட ஒருத்தர் கையும் காலியாக இல்லை. "இப்ப நாங்க வடிகாலைக் காப்பாத்தறதா, வடிகாலுக்கு மனு எழுதிக்கிட்டு ஓடிவர்றதா? நீயே சொல்லு!"

எனக்கு உடனே பதில் வந்தது. "பிடுங்கி முடிச்சுட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்." போனை வைத்ததும் யோசித்தேன். நோட்டீஸில் என்ன இருக்கிறது? "வெள்ளிக்கிழமைக்குள்" என்று இருக்கிறது. ஐந்து மணி என்று இல்லை. ஒட்டியவன் நான், மைக்கில் கத்தியவன் நான், எனக்கு மனப்பாடம். ஐந்து மணி என்பது கூடத்தைப் பூட்ட சார் சொன்ன மணி. அப்புறம் என்ன யோசனை? பஷீர் பாய்க்குப் போன் போட்டேன். ரோடு இருக்கிற வரைக்கும் வருகிறேன் என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு கீழத்தெருப் பக்கம் போனார்.

விளக்குப் போட்ட பிறகு ஆட்டோ திரும்பி வந்தது. ஆட்டோவுக்குள் எத்தனை பேர் அடைந்திருந்தார்கள் என்று சொன்னால் போக்குவரத்துப் போலீஸ் பாய் வீட்டுக்குப் போய்விடும். பின்னால் பைக்கில் இன்னும் சில பேர். தலையிலிருந்து கால் வரை சேறு, சட்டையில் தாமரை வேர். வராதவர்கள் கையெழுத்தைக் கரையிலேயே, குடையைப் பிடித்துக்கொண்டு வாங்கியிருந்தார்கள். சமுதாயக்கூடத்துத் தரை முழுக்கப் பழுப்புத் தண்ணீர். மனுவை வாங்கினேன், ஈரத்தை ஒற்றி எடுத்தேன், தேதி முத்திரை குத்தினேன், எண் போட்டேன், ரசீது கொடுத்தேன். "யாரும் வரவில்லை" என்று இருந்த இடத்தில், "வந்தார்கள்" என்று அடித்தேன். அமுதா அக்கா ரசீதை விளக்குக்கு நேரே பிடித்து ஒரு எழுத்து விடாமல் படித்தார். பி.காம். இல்லையா. பிறகு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தரையைத் துடைக்க ஆள் இருக்கா, இல்ல அதுக்கும் நாங்கதானா?"

திங்கட்கிழமை

குமரேசன் சார் மேஜையில் பிரிண்ட் இல்லை, மனு இருந்தது. காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. நின்றபடியே முழுக்கப் படித்தார். ரோட்டை வடிகாலுக்குப் பக்கத்தில் தள்ளிப் போடக் கேட்டு, எங்கே குழாய் புதைக்கலாம் என்று படமும் வரைந்து இணைத்திருந்தார் அக்கா. சார் முத்திரையின் தேதியைத் தடவிப் பார்த்தார். "எத்தனை மணிக்கு வாங்கினே?" என்றார். "வெள்ளிக்கிழமைதான் சார் வாங்கினேன்," என்றேன். சிவப்புப் பேனாவை எடுத்து, மனுவின் மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு வரைபடத்துக்குப் போய், அந்த இரண்டு கறுப்புக் கோட்டையும் சுற்றி ஒரு சுழி சுழித்தார். மன்றம் அந்தக் கோட்டை அழிக்குமா, விடுமா, அடுத்த கூட்டத்தில்தான் தெரியும். கீழத்தெரு மொத்தமும் அன்றைக்குப் போய் உட்காரப்போகிறது. முறைத் தண்ணீர் நாளாக இல்லாமல் பார்த்துத் தேதி வாங்கியவன் நான்தான். பேனாவை மூடிக்கொண்டே சார் கேட்டார்: "பூட்டிட்டுப் போன்னு சொன்னதாத்தான் எனக்கு ஞாபகம். சொன்னேனா இல்லையா?"

சொன்னார், படத்தைச் சுருட்டு, 'ஆட்சேபணை இல்லை' என்று அடி, கதவைப் பூட்டு என்று தெளிவாகத்தான் சொன்னார், இந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த மூன்றையும் செய்யாமல் விட்டதுதான்.